வரப்பேறும் வண்டி: கட்டைகளால் மோட்டார் வண்டி கட்டுவோரின் கேள்விகளும் பதில்களும்

பாலிடெக்னிக் பணிமனையில் கடைசலும் பல்சக்கரமும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பாபநாசத்தில் இருக்கிறேன். பேரனுக்கென்று வாங்கிய லெகோ டெக்னிக் என்ற, மோட்டாரும் பல்சக்கரமும் பூட்டி ஓட்டக்கூடிய பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை அவனைவிட நான்தான் அதிகம் எடுத்துப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது வீட்டில் நிலவும் குற்றச்சாட்டு. மேடு பள்ளங்களில் ஓடும் மோட்டார் வண்டிகளைப் பற்றி டெல்டா ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்து விடை எழுதியிருக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: ஐயா, லெகோவின் பெரிய மோட்டாரான எக்ஸ்எல் இரண்டு போட்டும் என் வண்டி வரப்பு ஏறவில்லை. தண்டு வளையும் இடத்திலும் சுழற்சியைக் கடத்தும் யுனிவர்சல் ஜாயின்ட் மூன்று முறை உடைந்துவிட்டது. மோட்டாரை ஒட்டியே 8 பல், 24 பல் சக்கரங்களை இரண்டு அடுக்காக வைத்திருக்கிறேன். இன்னொரு மோட்டார் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம்; இருப்பதில் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். உங்கள் வண்டிக்கு விசை குறைவில்லை, விசை பெருகும் இடம்தான் தவறு. எக்ஸ்எல் மோட்டார், சுழலாமல் நின்றுபோகும் நிலையில், சுமார் 40 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்குவிசை தரும். இரண்டு மோட்டாருக்கு 80 ஆகிறது. நீங்கள் மோட்டாரின் காலடியிலேயே அதை ஒன்பது மடங்காக்கிவிடுகிறீர்கள். சக்கரம் வரப்பில் முட்டி நிற்கும் நொடியில், உராய்வில் போவது போக மிச்சமெல்லாம், ஏறத்தாழ 700, அந்தச் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பிளாஸ்டிக் ஜாயின்டின் தலையில்தான் இறங்குகிறது. உடையாமல் என்ன செய்யும்?

நானும் முதலில் இதையே செய்தவன்தான். வெண்ணாற்றங்கரையில் நாலு பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, வண்டி கரையில் ஏறப்போய் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஜாயின்டின் ஒரு காது தெறித்துப் போயிருந்தது. அதோடு சேர்ந்த அச்சின் நான்கு விளிம்புகளும் முறுக்குக் கம்பிபோல் திருகிக்கொண்டிருந்தன.

உங்கள் ஊர் டிராக்டரைப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் கடைசிக் கட்டம் பின் அச்சிலேயே, சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் தண்டுகள் குறைந்த விசையையே சுமக்கின்றன. நாமும் அப்படியே செய்யலாம். மோட்டாரிலிருந்து நேராகத் தண்டை எடுத்துச் செல்லுங்கள். அச்சின் நடுவில், சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் சாய்பல் சக்கரங்களை 12 பல்லுக்கு 20 பல் என வையுங்கள். சக்கரத்தின் மூக்கில், அதாவது சக்கரம் மாட்டும் இடத்தை ஒட்டியே, 8 பல்லுக்கு 24 பல் வையுங்கள். முதலாவது 1.67 மடங்கு, இரண்டாவது 3 மடங்கு, மொத்தம் சரியாக 5 மடங்கு. ஜாயின்ட் சுமக்க வேண்டியது இப்போது ஒரு மோட்டாரின் 40 மட்டுமே.

ஐந்து மடங்கு போதுமா என்ற சந்தேகம் வரும். ஒன்றரை கிலோ எடையுள்ள வண்டி 45 பாகைச் சரிவில் ஏற வேண்டும், டயரின் விட்டம் 82 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவு கீழே இழுப்பது பத்தரை நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. அதைச் சக்கர ஆரத்தால் பெருக்கினால் சுமார் 43 நியூட்டன் சென்டிமீட்டர். ஐந்தால் வகுத்தால் மோட்டாரின் பங்கு 9-க்கும் குறைவு. உராய்வுக்குத் தாராளமாகச் சேர்த்தாலும் 13-க்குள் அடங்கும். அது அந்த மோட்டாரின் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மோட்டாரை அந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் அது அதிகம் சூடேறாமல் உழைக்கும். மேலும், சக்கரத்தின் மூக்கில் பல்சக்கரம் வைக்கும்போது அச்சு 16 மில்லிமீட்டர் உயர்ந்துவிடுவதால் வயிறு வரப்பில் தட்டுவதும் குறையும். 2011-இல் லெகோ வெளியிட்ட யூனிமாக் வண்டியில் போர்ட்டல் அச்சு என்ற பெயரில் இருந்தது இந்த ஏற்பாடுதான்.

ஒரு எச்சரிக்கை: 8 பல் சக்கரம்தான் இந்தக் குடும்பத்தின் நோஞ்சான். இரண்டு மூன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாயார்: என் மகன் கட்டும்போது சில பல்சக்கரங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன, சில இறுகுகின்றன, சில பல் தாண்டுகின்றன. இதற்கு விதி ஏதேனும் உண்டா?

உண்டு, அம்மா, அழகான விதி. இந்தச் சக்கரங்களில் எத்தனை பல்லோ, பல் கவ்வும் வட்டத்தின் விட்டமும் அத்தனை மில்லிமீட்டர். துளைக்குத் துளை தூரம் 8 மில்லிமீட்டர். ஆகவே இரண்டு சக்கரங்களின் பற்களைக் கூட்டிப் பாதியாக்கினால் அச்சுகளுக்கு இடையிலான தூரம் கிடைத்துவிடும். எட்டும் இருபத்து நான்கும் சேர்ந்தால் 32, பாதி 16, அதாவது இரண்டு துளை. பதினாறும் பதினாறும் அதே இரண்டு துளை. எட்டும் நாற்பதும் மூன்று துளை; பன்னிரண்டும் முப்பத்தாறும் மூன்று துளை. பதினாறும் இருபத்து நான்கும் சேர்ந்தால் 20 மில்லிமீட்டர், இரண்டரைத் துளை. நேர்த் துளைகளில் அது ஒருநாளும் உட்காராது. மகன் இறுகுகிறது என்று சொன்னது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

குமிழ் வைத்த பழைய கட்டைகளை அடுக்கிக் கட்டுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர் என்பதால் மேலும் கீழும் உள்ள துளைகள் 8-இன் கணக்கில் வாரா. துளையுள்ள இரண்டு கட்டைகளுக்கு நடுவே 3.2 மில்லிமீட்டர் உயரமுள்ள இரண்டு தட்டுகளைச் செருகினால் 9.6-உடன் 6.4 சேர்ந்து 16 ஆகிவிடும். பல் தாண்டுவது வேறு நோய்: சுமை வரும்போது சட்டகம் விரிந்து சக்கரங்கள் விலகுகின்றன. இரண்டு அச்சுகளையும் இருபுறமும் ஒரே கட்டையால் பிடித்துக் கட்டச் சொல்லுங்கள்.

திருவையாற்றிலிருந்து ஒரு மாணவி: தாத்தா, இருபுறச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பை வைத்த என் வண்டி கூடத்தில் நன்றாகத் திரும்புகிறது. வயலில் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கினால் அது மட்டும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ஏன்?

டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும், கண்ணு. தொங்குகிற சக்கரத்தைச் சுழற்ற விசையே தேவையில்லை. அதனால் தரையில் ஊன்றியிருக்கும் சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுமே கிடைப்பதில்லை. சேற்றில் டிராக்டரின் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது ஓட்டுநர் காலால் ஒரு மிதியை அழுத்துவதைப் பார்த்திருப்பாய். அது இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுகிறது. 2021-இல் வந்த லெகோவின் ஸெட்ரோஸ் லாரித் தொகுப்பிலும் அப்படிப் பூட்டும் வசதி இருக்கிறது.

வயலுக்கென்று கட்டும் வண்டியில் டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு முழு அச்சாகவே போட்டுவிடு. திரும்பும்போது ஒரு சக்கரம் கொஞ்சம் தேய்ந்து வழுக்க வேண்டியிருக்கும். மண்ணில் அது தெரியாது. அதே வண்டியைக் கூடத்து டைல்ஸில் வளைத்து வளைத்து ஓட்டினால் அச்சு முறுக்கிக்கொள்ளும், அங்கே ஓட்டாதே.

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர்: காலையில் நன்றாக வேலை செய்யும் ரிமோட் உச்சிவெயிலில் இரண்டடி தூரத்தில்கூட வேலை செய்வதில்லை. பழுதா?

பழுதில்லை. 2007-இல் வந்த லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் வகை ரிமோட் அகச்சிவப்புக் கதிரால் பேசுவது; நம் ஊர் வெயிலிலோ அந்தக் கதிர் கொட்டிக் கிடக்கிறது. வண்டியில் அந்தக் கதிரை வாங்கும் கண்ணுக்கு மேலே கட்டைகளால் சிறு கூரை வேய்ந்தால் ஓரளவு தேறும். வெளியில் ஓட்டுவதே நோக்கம் என்றால் புளூடூத்தில் இயங்கும் புதிய வகைக்கு மாறிவிடுவது நல்லது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக ஸ்பிரிங் வைத்தும் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் நிற்கிறது. கெட்டியான ஸ்பிரிங் வாங்கலாமா?

கெட்டியானால் இன்னும் மோசமாகும். மெதுவாகப் போகும் வண்டிக்கு ஸ்பிரிங்கைவிடச் சாய்ந்து கொடுக்கும் அச்சுதான் முக்கியம். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஊசலாடுவதால், நான்கு சக்கரமும் மூன்று கால் முக்காலிபோல எந்தத் தரையிலும் ஊன்றிக்கொள்கின்றன. உங்கள் வண்டியிலும் முன் அச்சை முழு அச்சாக்கி, மோட்டாரிலிருந்து வரும் தண்டையே முளையாகக் கொண்டு இருபுறமும் ஊசலாடும்படி கட்டுங்கள். அப்போது அந்த இடத்தில் யுனிவர்சல் ஜாயின்டும் தேவைப்படாது. பேட்டரிப் பெட்டியை மட்டும் உச்சியில் வைத்துவிடாதீர்கள். ஆறு பேட்டரிகளே ஏறத்தாழ 140 கிராம் இருக்கும். சரிவில் வண்டி மல்லாந்து விழ அது போதும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர்: திருகாணிபோல் மரையுள்ள திருகுப்பல் சக்கரத்தை 24 பல் சக்கரத்தோடு சேர்த்தால் அது ஒன்றே 24 மடங்கு தருகிறதே, அதையே ஓட்டத்துக்கு வைத்தால் என்ன?

பாதிச் சக்தி உராய்விலேயே போய்விடும். சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் மோட்டார் திரும்பாது என்பதே அதன் சிறப்பு. கயிறு இழுக்கும் வின்ச்சுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தந்தை: கடற்கரை மணலிலும் வயல் சேற்றிலும் ஓட்டிய பிறகு எப்படிச் சுத்தம் செய்வது? எண்ணெய் விடலாமா?

எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டால் அது அரைக்கும் பசையாகிவிடும். சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கிலேயே விரிசல் விழச் செய்யும். மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் நீரைக் காணக்கூடாது. மற்றக் கட்டைகளை 40 பாகை செல்சியஸுக்கு மேல் சூடில்லாத சோப்புநீரில் ஊறவிட்டு, துளைகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள்.

மணலும் வண்டலும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். உலர்ந்த மணல் பல்லிடுக்கில் போய் அச்சையும் துளையையும் தேய்க்கும். ஈர வண்டல் டயரின் வரிகளில் அப்பி, பத்தடி போவதற்குள் டயரை வழவழப்பான உருளையாக்கிவிடும். தொளி அடிக்கும் டிராக்டருக்குக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவது சும்மா அல்ல. ஆழ்ந்த சேற்றில் எந்தக் கட்டை வண்டியும் போகாது, போக விடாதீர்கள். நம் பக்கத்தில் இதற்கு ஏற்ற தரை, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வயலும், தண்ணீரில்லாத வாய்க்கால் படுகையும்தான். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும்வரை அவை இலவச மைதானம். வெடிப்புகள் அகலமாக இருந்தால் 62 மில்லிமீட்டர் டயர் உள்ளே சிக்கிக்கொள்ளும். 82-க்குக் குறையாமல் போடுங்கள். டயருக்குள் மெத்தைப் பஞ்சைத் துண்டு துண்டாக அடைத்தால் சுமையில் சப்பையாகாமல் பிடிப்பும் கூடும்.

வலங்கைமானிலிருந்து ஒரு மாணவர்: விலை குறைந்த, பெயரில்லாத கட்டைகளை வாங்கினால் வண்டி ஓடுமா ஐயா?

சில ஓடும், சில ஓடா. அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நானே ஒரு மலிவுப் பொதியை வாங்கி, மோட்டாரின் பாதி உழைப்பு துளைகளைத் தேய்ப்பதிலேயே தீர்ந்துபோனதைப் பார்த்தவன். சோதனை எளிது. நீண்ட கட்டைகள் நான்கை இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தி, ஒரே துளைக்கோட்டில் நீண்ட அச்சு ஒன்றைச் செருகி, முனையில் 40 பல் சக்கரத்தை மாட்டி விரலால் சுண்டிவிடுங்கள். நாலைந்து சுற்று சுற்றி அடங்கினால் வாங்கலாம். அரைச் சுற்றில் நின்றால் அந்தக் கட்டைகளை வீடு கட்டி விளையாடத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பல்சக்கரமும் அச்சும் துளைக்கட்டையும் மட்டுமாவது நல்லதாக வாங்குங்கள்.