கேட் போட்டாச்சு, ரயிலைக் காணோமே?

கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலை பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்ததிலிருந்து ரயில்வே கேட் பற்றிய கேள்விகள் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வந்தபடியே இருக்கின்றன. ஒன்றிரண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. இந்த முறை முழுக்க அவைதான்.

? கேட்டைப் போட்டு ரொம்ப நேரம் ஆகியும் ரயில் வருவதில்லை. ஸ்டேஷனில் அது நிற்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆம்புலன்ஸ் நின்றால்கூட கேட்கீப்பர் 'என் கையில் இல்லைம்மா' என்கிறார். அவரிடம்தானே சாவி இருக்கிறது?
*வடசென்னை வாசகி*

அவர் சொல்வது உண்மைதான், அவரைத் திட்டாதீர்கள். நகரத்துக் கேட்களில் பெரும்பாலானவை இன்டர்லாக் செய்தவை. கேட் முழுதாக இறங்கிப் பூட்டினால்தான் ரயிலுக்கான சிக்னலைப் பச்சையாக்க முடியும். பச்சையாகிவிட்டால் ரயில் கடந்து போகும்வரை பூட்டு விடாது, கேட்கீப்பர் கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் தடுப்பு எழாது. ஸ்டேஷனில் நிற்கிற ரயிலைப் பார்த்தால் நமக்கு 'அதுதான் நிற்கிறதே' என்று தோன்றும், ஆனால் அதற்கு ஏற்கெனவே சிக்னல் கொடுத்திருப்பார்கள், எந்த நொடியும் கிளம்பலாம், எதிர்த்திசையில் இன்னொரு ரயிலுக்கும் வழி விட்டிருக்கலாம், ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரிந்த அந்தக் கணக்கு கேட்டருகே பைக்கில் நிற்கிற நமக்குத் தெரிய வழியில்லை.

அவசரத்துக்குத் திறக்கவே முடியாதா என்றால், முடியும். ஆனால் சிக்னலைத் திரும்பச் சிவப்பாக்கி, குறிப்பிட்ட நேரம் கடந்த பிறகுதான் பூட்டு விடும். அந்தக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது. பச்சையைப் பார்த்துவிட்டு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ரயில், அவசர பிரேக் போட்டாலும் நிற்பதற்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளும். ஆம்புலன்ஸுக்கு உண்மையான வழி மேம்பாலம்தான். ஊரின் பெரிய மருத்துவமனை கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்றால் அந்த ஊருக்குத்தான் முதலில் பாலம் கட்ட வேண்டும் என்பேன், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

? எங்கள் நகராட்சியில் 'ஊருக்குள் ரயில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, கேட்டை ஐந்து நிமிடத்துக்கு மேல் மூடி வைக்கக்கூடாது' என்று தீர்மானம் போடப் போவதாகக் கவுன்சிலர் சொல்கிறார். செல்லுமா?
*விழுப்புரம் மாவட்ட வாசகர்*

கோரிக்கையாக அனுப்பலாம், சட்டமாகச் செல்லாது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் ரயில்வே மத்தியப் பட்டியலில், 22ஆவது இனமாக இருக்கிறது. ரயிலின் வேகத்தையோ கேட் மூடும் நேரத்தையோ நகராட்சியும் மாநகராட்சியும் நிர்ணயிக்க முடியாது, மாநில அரசாலும் முடியாது.

அமெரிக்காவில் பல ஊர்கள் இந்த வழியில் போய்ப் பார்த்தவை. சரக்கு ரயில் சாலையை மறித்து இவ்வளவு நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று நகரச் சட்டமே போட்டு அபராதம் விதித்தார்கள். ஒஹாயோ மாநிலத்தின் ஐந்து நிமிடச் சட்டம் செல்லாது, ரயில் போக்குவரத்து மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2024 ஜனவரியில் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

அதற்காக உங்கள் கவுன்சிலருக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள், நிறைய இருக்கிறது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் வருகிற தெரு நகராட்சியுடையது என்றால் அங்கே தெருவிளக்கு எரிகிறதா, வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் இருக்கின்றனவா, சாலையின் பாதியைத் தள்ளுவண்டிகள் பிடித்திருக்கின்றனவா என்று பார்ப்பது நகராட்சிதான். முக்கியமாக, கேட் மூடியதும் வலப்பக்கமும் ஏறி நின்று இரண்டு வரிசையையும் அடைத்துக்கொள்கிறார்களே, அதைத் தடுக்க நடுவே தடுப்பு வைக்கலாம், போலீஸைக் கேட்டு ஆள் போடலாம். கேட் திறந்த பிறகும் பத்து நிமிடம் யாரும் நகர முடியாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். அதைவிட மோசம், தண்டவாளத்துக்கு நடுவிலேயே வண்டிகள் மாட்டிக்கொண்டால் கேட்கீப்பர் அடுத்த ரயிலுக்குக் கேட்டை மூடவே முடியாது.

? மூடிய கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைத்துப் போவது எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். பிடித்தால் என்ன, ஒரு நூறு ரூபாய் அபராதம் இருக்குமா?
*கல்லூரி மாணவர், திருச்சி*

தம்பி, 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 147ஆவது பிரிவு அத்துமீறி நுழைவது பற்றியது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாலைப் போக்குவரத்துக்கு மூடிய கேட்டை நீங்களே திறந்தால் 160ஆவது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. உடைத்தால் ஐந்து ஆண்டு வரை. அவசரத்தில் வண்டியை விட்டுத் தடுப்பை இடித்து வளைத்தவர்களும் இந்த ஐந்தாண்டுப் பிரிவில் மாட்டுகிறார்கள். தடுப்பு உடைந்தால் கேட் பூட்டாது, பூட்டாவிட்டால் சிக்னல் பச்சையாகாது. வரிசையாக ரயில்கள் நிற்க வேண்டியதுதான். பின்னாலேயே சாலையும் நிற்கும்.

தண்டனையை விடுங்கள். இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் அதன் வால் கடந்த உடனே பைக்கை நுழைக்கிறீர்கள், எதிர்ப்பக்கத்து ரயில் அந்த முதல் ரயிலுக்குப் பின்னால் மறைந்து வருவது உங்களுக்குத் தெரியாது, அதன் சத்தமும் இதன் சத்தத்தில் அமுங்கிவிடும். கேட் இன்னும் மூடியே இருக்கிறது என்றால் காரணம் அந்த இரண்டாவது ரயில்தான்.

? கேட் திறந்திருந்தால் நம்பிப் போகலாம்தானே?
*ஆட்டோ ஓட்டுநர், கடலூர்*

முழுக்க நம்பிவிடாதீர்கள். விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட் இன்டர்லாக் செய்யப்படாததாக இருந்தது. அப்படிப்பட்ட கேட்டில் சிக்னலுக்கும் தடுப்புக்கும் இயந்திரத் தொடர்பு கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ரயில் வருவதைச் சொல்வார், கேட்கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடம் உள்ள பட்டியலிலிருந்து பிரைவேட் நம்பர் என்று ஓர் எண்ணைச் சொல்வார், மூடியதற்கு அதுதான் உறுதி, இருவரும் அதை எழுதிக்கொள்வார்கள். எல்லாமே இரண்டு மனிதர்களின் வாய்ச்சொல்லில் நிற்கிறது. அந்த விபத்துக்குப் பிறகுதான், இன்டர்லாக் செய்வதற்கான போக்குவரத்து அளவை ரயில்வே 10,000 அலகாகக் (டி.வி.யு. என்ற இந்தக் கணக்கைக் கடைசிப் பதிலில் சொல்கிறேன்) குறைத்தது, கேட்களில் கேமரா வைக்கவும் உத்தரவிட்டது. முன்பே செய்திருக்க வேண்டியது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே திறந்த கேட்டிலும் வேகத்தைக் குறைத்து, பாட்டை அணைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போங்கள். ஆளில்லாத கேட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆவது பிரிவு இதைவிடக் கண்டிப்பானது. வண்டியை நிறுத்தி, நடத்துநரோ உடன் வருபவரோ இறங்கி நடந்துபோய்ப் பார்க்க வேண்டும், யாரும் இல்லை என்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும். அகலப்பாதையில் ஆளில்லாத கேட்கள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டுவிட்டன, ஆனாலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

? நடுராத்திரியில் ரயில் விடாமல் ஹாரன் அடிக்கிறது, கைக்குழந்தை திடுக்கிட்டு எழுந்துவிடுகிறது. என் மகன் இருக்கும் டெக்சஸில் சில இடங்களில் ஹாரனே கிடையாதாமே?
*திருப்பத்தூர் வாசகி*

கேட்டுக்கு முன்னால் தண்டவாள ஓரம் 'டபிள்யூ/எல்' என்று எழுதிய மஞ்சள் பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டதிலிருந்து கேட்டைக் கடக்கும்வரை ஓட்டுநர் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. இரவுக்குச் சலுகை கிடையாது. அமெரிக்காவிலும் இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் என்று 15 முதல் 20 வினாடிக்கு முன்பே அடித்தாக வேண்டும். 2005இல் வந்த மத்திய விதிப்படி ஓர் ஊர், வண்டிகள் தடுப்பைச் சுற்றி நுழைய முடியாதபடி கூடுதல் பாதுகாப்பு செய்து காட்டினால் வழக்கமான ஹாரன் இல்லாத அமைதிப் பகுதியாக அறிவித்துக்கொள்ளலாம். ஆபத்து என்றால் ஓட்டுநர் அங்கேயும் அடிப்பார். நம் ஊரில் ஹாரன் குறைய வேண்டுமென்றால் கேட்டையே பாலமாகவோ சுரங்கப்பாதையாகவோ மாற்றினால்தான் உண்டு.

? விநாயகர் சிலையை லாரியில் கேட் வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பக்தியில் குறுக்கிடலாமா?
*சேலம் வாசகர்*

மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். தொட வேண்டியதே இல்லை, பக்கத்தில் போனாலே பாயும். அதற்காகத்தான் கேட்டுக்கு முன்னால் இரும்புச் சட்டம் நட்டு உயரத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். வைக்கோல் ஏற்றிய லாரிக்கும் மேலே ஏறி உட்கார்ந்து வருகிற பையன்களுக்கும் அதே ஆபத்துதான். உயரமான சிலையோ தேரோ கடந்தாக வேண்டும் என்றால் முன்கூட்டியே ரயில்வேக்கு எழுதிக் கொடுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, ஊழியர்களை நிற்க வைத்து, கடக்க விடுவார்கள். ஊர்வலத்தன்று கேட்டருகே வந்து நின்று வாதாடினால் நடக்காது.

? தண்டவாளத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?
*ஈரோடு வாசகி*

முதலில் எல்லோரும் இறங்குங்கள், வண்டி போனால் போகட்டும். கேட்கீப்பரிடம் ஓடுங்கள். அவரிடம் சிவப்புக்கொடி, விளக்கு, தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறும்போது வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் டெட்டனேட்டர் எல்லாம் இருக்கும். கேட்கீப்பர் எட்டாத தூரம் என்றால் ரயில் வரும் திசையில், தண்டவாளத்தை விட்டு விலகி ஓடி, சிவப்புத் துணியோ விளக்கோ ஆட்டுங்கள். ரயில்வே உதவி எண் 139க்கு ஒருவர் பேசட்டும். 2024 பிப்ரவரியில் செங்கோட்டை அருகே புளியரையில் மலைச்சாலையிலிருந்து லாரி ஒன்று தண்டவாளத்தில் விழுந்தபோது, அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு வயதான தம்பதி நள்ளிரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். மாநில அரசு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டியது.

? எங்கள் கேட்டுக்கு எப்போதுதான் மேம்பாலம் வரும்? யாரைக் கேட்பது?
*பல வாசகர்கள்*

டி.வி.யு. என்ற ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். காருக்கும் லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் ஒன்று, ஆட்டோவுக்கு அரை, இருசக்கர வண்டிக்குக் கால். இது ஒரு லட்சத்தைத் தாண்டினால் ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதி செலவில் பாலம் கட்டுவது வழக்கம். பைக்குகள் நிறைந்த நம் ஊர்களில் அந்தக் கால் மதிப்பு கணக்கைக் குறைத்துவிடுகிறது என்பது என் ஆதங்கம். தண்டவாளத்துக்கு மேல் வரும் பகுதியை ரயில்வே கட்டும், இரு பக்கச் சரிவையும் மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும், நிலம் எடுப்பது மாவட்ட நிர்வாகம். நடுப்பகுதி மட்டும் முடிந்து இரு பக்கமும் அந்தரத்தில் நிற்கும் பாலங்களில் பெரும்பாலும் நிலம் எடுப்பதில்தான் சிக்கல்.

எனவே பொத்தாம்பொதுவாக 'பாலம் வேண்டும்' என்று மனு எழுதாதீர்கள். கேட் எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைசியாக எடுத்த டி.வி.யு. கணக்கு என்ன, எந்த ஆண்டு எடுத்தது, நிலம் எடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலையும் கையில் வைத்துக்கொண்டு எம்.பி.யையும் எம்.எல்.ஏ.வையும் ஒரே நாளில் போய்ப் பாருங்கள்.