பூண்டு வாசனை அடிக்கும் ஊதாப்பூச் செடியை வீட்டில் வைக்கலாமா? அதைச் சாப்பிட முடியுமா?

கலிபோர்னியாவில் புதிதாக வீடு வாங்கி, முன்பு இருந்தவர்கள் நட்டுவிட்டுப் போனதைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் போல. அது சொசைட்டி கார்லிக். தாராளமாக வைக்கலாம். இலை, பூ இரண்டையும் சாப்பிடலாம். நாங்கள் எட்டு வருடமாகச் சாப்பிடுகிறோம்.

சான் ஹோசே வீட்டுக்கு நாங்கள் வந்தபோதே வாசலில் ஒரு வரிசை இருந்தது. தண்ணீர் விட்ட சாயங்காலங்களில் ஒரு நெடி வரும். கேஸ் கசிகிறதோ என்று பயந்து நான் அடுப்பைப் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறேன். பிடுங்கிப் போடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு இலையைக் கிள்ளி, விரலில் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "பூண்டுத் தாள் மாதிரியே இருக்குடி, இதையா பிடுங்கப் போற?" என்றாள். இன்னதென்று செடியின் பெயரைத் தேடி உறுதி செய்துகொண்ட பிறகு, பொடிப்பொடியாக அரிந்து அடை மாவில் கலந்து வார்த்தாள். ரசத்தில் போடுவதென்றால் இறக்கிய பிறகு தூவுங்கள், கொதித்தால் வாசனை போய்விடும். பூவைத் தயிர்ப் பச்சடியில் உதிர்த்துப் போடலாம்.

இது பூண்டே இல்லையே என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கும் தெரியும். குடும்பம் ஒன்றுதான், இனம் வேறு. பெயர் துல்பாகியா, சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். அகபாந்தஸ் செடியும் பார்க்க இப்படித்தான் இருக்கும், அதைச் சாப்பிடக் கூடாது. கசக்கினால் பூண்டு வாசனை வராத செடியைத் தொடாதீர்கள். சாலையோரத்தில் இருப்பதையும் பறிக்க வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள்.

நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நடுங்கள்.

அப்புறம் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நாற்றம் வருகிறது என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். சரி, செடிதான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்ட கையோடு, "உங்கள் சமையல் வாசனையும் கொஞ்சம் அதிகம்தான்" என்றார் அங்கிருந்த அம்மாள். பக்கத்து வீட்டில் சனிக்கிழமை தவறாமல் இறைச்சி சுடுகிறார்கள், புகை எங்கள் கூடம்வரை வரும். அவர்களுக்கு ஒரு கடிதமும் போனதில்லை. ஐந்து வருடம் ஆகிறது. பெருங்காயம் தாளிக்கும்போது இன்னும் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் தாளிக்கிறேன்.

நீங்கள் நடுவதென்றால் படுக்கையறைச் சன்னலை ஒட்டி மட்டும் வேண்டாம்.