கேள்வி–பதில்: ‘எழிலி’ என்று பெயர் வைக்கலாமா?

மகளுக்கு ‘எழிலி’ என்று பெயர் வைக்க ஆசை. இணையத்தில் ‘அழகி’ என்று பொருள் போட்டிருக்கிறார்கள், சரியா? இந்தப் பெயர் இப்போது எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது?
– வாசகி, தஞ்சாவூர்

எழிலி என்றால் மேகம். ‘தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’ என்று 17-ஆம் குறளில் வருவது இந்தச் சொல்தான். முல்லைப்பாட்டின் தொடக்கத்திலும் கடல்நீரைப் பருகி எழுகிற ‘கொடுஞ்செலவு எழிலி’ உண்டு. ‘அழகி’ என்பது எழிலை வைத்துப் பெயர்ப் பட்டியல்காரர்கள் செய்துகொண்ட ஊகம். எழினியோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குத் திரைச்சீலை என்று பொருள், புறநானூறு 158-இல் அது ஒரு வள்ளலின் பெயர்.

அமெரிக்காவில் ஓர் ஆண்டில் குறைந்தது 5 குழந்தைகளுக்கு வைத்த பெயர்களை அரசே எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. நம் பிறப்புப் பதிவிலிருந்து அப்படி ஒரு பட்டியல் வருவதில்லை. ஆகவே ‘இந்த ஆண்டின் முதல் 100 பெயர்கள்’ என்று இணையதளங்கள் போடும் வரிசையை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எழிலரசி பாட்டி, அம்மா தலைமுறையிலேயே பரவிய பெயர். யாழினியும் தமிழினியும் இன்று பல வகுப்பறைகளில் உண்டு. எழிலி இன்னும் அரிதுதான்.

எங்கள் வீட்டில் பாதிப் பேர் ‘எளிலி’ என்கிறார்கள். சரியாகச் சொல்லப் பழகுவது எப்படி?
– வாசகர், மதுரை

ழகரத்துக்கு ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்று தொல்காப்பியம் இலக்கணம் சொல்கிறது. நாக்கு நுனியை மேல்நோக்கி வளைத்து அண்ணத்தை லேசாக வருடுவதுபோலக் கொண்டுபோக வேண்டும். அழுத்தித் தொட்டுவிட்டால் அது ளகரமாகிவிடும். ‘ழ்ழ்ழ்’ என்று மூச்சு உள்ளவரை நீட்டிப் பாருங்கள். நாக்கு எங்காவது ஒட்டினால் உடனே காதில் தெரியும்.

இந்தப் பெயரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வளைந்த நாக்கு ‘ழி’ முடிந்த கணமே முன்னால் வந்து, ‘லி’க்காக மேல்பல்லின் அடியைத் தொட வேண்டும். அவசரமாகக் கூப்பிடும்போது நாக்கு முன்கூட்டியே ஓடிவிடுவதால் ‘எலிலி’ ஆகிறது. இதற்குப் பின்னாலிருந்து பழகுவது நல்லது: முதலில் ‘லி’, பிறகு ‘ழிலி’, கடைசியில் ‘எழிலி’. மூன்றும் குறில். ‘ஏழிலி’, ‘எழிலீ’ என்று நீட்ட வேண்டாம்.

சென்னைப் பக்கம் ‘எயிலி’ என்றும் கேட்கலாம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ‘எலி’ என்று சுருங்குவதைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள். பள்ளியில் கேலியாவது அதுதான். செல்லப்பெயராக ‘எழில்’ என்பதை நீங்களே வழக்கப்படுத்திவிட்டால் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள். குழந்தைக்கு ழகரம் தாமதமாகத்தான் வரும். தன் பெயரையே அவள் தப்பாகச் சொன்னாலும் திருத்திக்கொண்டே இருக்காமல், நீங்கள் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நாங்கள் இருப்பது புனேயில். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?
– வாசகி, புனே

ஈ, இசட், எச், ஐ, எல், ஐ: இந்த ஆறு எழுத்துகள் போதும். தமிழும் மலையாளமும் அறிந்தவர்கள் இசட்–எச் இணையை ழகரமாகவே படிப்பார்கள். மற்றவர்கள் ‘எஜிலி’ என்று படிக்கலாம். ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடும். அதற்குப் பயந்து இசட்–எச்சுக்குப் பதில் எல் போட்டால், பார்க்கிற எல்லோரும் ‘எலிலி’ என்றே படிப்பார்கள், யாரும் சந்தேகம்கூடக் கேட்க மாட்டார்கள். எண் கணிதத்துக்காக இன்னொரு எல், இன்னொரு ஈ சேர்ப்பதும் வேண்டாம். ‘எழில்லி’, ‘எழிலீ’ என்று வாசிப்பு கெடும், படிவங்களில் எழுத்துப் பிழையும் பெருகும்.

எழுத்துக்கூட்டலை முடிவு செய்த பிறகே பிறப்புச் சான்றிதழில் பெயரை ஏற்றுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரில்லாமலும் பதியலாம். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழே அடிப்படை. ஆதாருக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே ஆறு எழுத்துகளைப் பார்த்து எழுதுங்கள். தட்டச்சு செய்பவர் காதால் கேட்டு அடிக்க விடாதீர்கள்.