குற்றத்தை ஒப்புக்கொண்ட தம்பியின் தண்டனையைக் குறைக்க மேல்முறையீடு செய்யலாமா?

ஏற்காட்டில் காப்பி மூட்டை திருடியதை ஒப்புக்கொண்ட 20 வயதுத் தம்பிக்கு நீதித்துறை நடுவர் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்திருப்பதாகவும், ஒப்புக்கொண்டதால் இனி வழியில்லை என்று ஊரில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வழி இருக்கிறது. ஒப்புக்கொண்டவர் தீர்ப்பையே எதிர்க்க முடியாது. ஆனால் தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் மட்டும் எதிர்த்து, சேலம் அமர்வு நீதிமன்றத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தில் நகல் கேட்டு மனுச் செய்த நாளும் நகல் தயாரான நாளும் குறிக்கப்பட்டிருக்கும். இடைப்பட்ட நாட்கள் அந்த 30-இல் சேரா. தண்டனை பெற்றவருக்கு நகல் இலவசம்.

அந்த நகலில் முதலில் தேட வேண்டியது ஒன்றுதான். 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, 21 வயது நிரம்பாதவரை இத்தகைய வழக்கில் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற்று, நன்னடத்தையில் விடுவிப்பது (அதாவது, சிறைக்கு அனுப்பாமல் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுவது) ஏன் பொருந்தாது என்ற காரணத்தை நடுவர் எழுதியிருக்க வேண்டும். அது இல்லையென்றால், என் கருத்தில், குடும்ப வறுமையைச் சொல்லி இரங்கக் கேட்பதைவிட அதுவே வலுவான வாதம்; வயதுச் சான்றை மறவாமல் இணையுங்கள்.

தண்டனை கூடிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்: தண்டிக்கப்பட்டவரே செய்யும் மேல்முறையீட்டில் அதை உயர்த்த முடியாது. மேல்முறையீட்டுடனேயே தண்டனையை நிறுத்திவைக்கவும் மனுச் செய்யுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாளையே அணுகுங்கள். சிறையிலிருக்கும் தம்பியே சிறை அதிகாரி வழியாகவும் மேல்முறையீட்டை அனுப்பலாம்.