எஃப்.பி.ஐ. பேசக் கூப்பிட்டால் ஆய்வாளர் போகலாமா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகவியலில் பிஎச்.டி. செய்கிறேன். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒரு பொது ஆய்வுக்கூடத்தில் கூடி பாக்டீரியா வளர்த்துப் பழகுகிறவர்கள்தான் என் ஆய்வு. ஒன்றரை வருடமாக அவர்களோடு இருக்கிறேன். போன வாரம் எஃப்.பி.ஐ.யின் உள்ளூர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, "உங்கள் ஆய்வு எங்களுக்கு உதவும், பேசலாமா?" என்று மரியாதையாக எழுதியிருக்கிறார். "உன் விருப்பம்" என்கிறார் என் வழிகாட்டி. நண்பர்கள் போகவே கூடாது என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: போகலாம். ஆனால் இந்த வாரமே வேண்டாம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எஃப்.பி.ஐ.யின் பேரழிவு ஆயுதப் பிரிவுக்கு நாடு முழுக்க உள்ள கள அலுவலகங்களில் ஆள் உண்டு. ஆய்வுக்கூடங்களோடு அறிமுகம் வைத்துக்கொள்வது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. ஐஜெம் என்ற மாணவர் உயிரியல் போட்டிக்கு 2009 வாக்கிலிருந்தே வந்துபோயிருக்கிறார்கள். 2012-இல் கலிஃபோர்னியாவில் உங்கள் ஆட்களைப் போன்றவர்களை அழைத்துப் பட்டறையே நடத்தினார்கள். ஆக, இந்த மின்னஞ்சலை வழக்கமான அறிமுக முயற்சியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் நண்பர்கள் பயப்படவும் காரணம் உண்டு. 2004-இல் பஃபலோ நகரில் ஸ்டீவ் கர்ட்ஸ் என்ற கலைஞரின் மனைவி தூக்கத்தில் இறந்துபோனார். உதவிக்கு வந்தவர்கள் வீட்டில் ஆய்வுக்கூடக் கருவிகளையும் பாக்டீரியா தட்டுகளையும் பார்த்தார்கள். கலைக் காட்சிக்காக வளர்த்த, தீங்கில்லாத கிருமிகள் அவை. ஆனால் விசாரணை உயிரி பயங்கரவாதம் வரை போய், கடைசியில் தபால் மோசடி வழக்காகச் சுருங்கி, 2008-இல்தான் தள்ளுபடியானது. மனைவியை இழந்த மனிதருக்கு நாலு வருடம். நீங்கள் ஆராயும் கூடத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்காது.

சரி, அதிகாரிக்கு உங்களிடம் உண்மையில் என்ன வேண்டும்? 2002-இல் வைரஸ் ஆய்வாளர் எக்கார்ட் விம்மரின் குழுவினர், தபாலில் வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளைக் கோத்து போலியோ வைரஸை உருவாக்கியதாக அறிவித்தார்கள். இனி யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துவிடுவார்கள் என்று பலரும் அலறினார்கள். அறிவியல் படித்து சமூக ஆய்வுக்கு வந்த கேத்லீன் வோகல், அந்தக் கூடத்து ஆட்களிடமே போய் விசாரித்தார். டி.என்.ஏ. வாங்குவது சுலபம். வைரஸ் பெருகத் தேவையான செல் சாற்றைப் பதமாக எடுப்பதுதான் பாடு. கட்டுரையில் செய்முறை அச்சில் இருந்தாலும் கை பழகினால்தான் வரும். அதிரசப் பாகு மாதிரிதான்: புத்தகத்தில் எல்லாம் எழுதியிருக்கும், எண்ணெயில் போட்டதும் உதிர்ந்துவிடும்.

பாதுகாப்புத் துறையினர் ஆபத்தைக் கணக்குப்போடும்போது பெரும்பாலும் பொருளையும் கருவியையும் எண்ணுகிறார்கள். கைப்பக்குவத்தை எண்ணத் தெரிவதில்லை. ஓர் அமெச்சூர் எத்தனை மாதம் தடுமாறுகிறார், யாரைப் பார்த்துக் கற்கிறார், தப்பு நடந்தால் கூடத்துக்குள் யார் யாரைக் கண்டிக்கிறார் என்பதையெல்லாம் ஒன்றரை வருடம் கூட இருந்து பார்த்தவர் நீங்கள். இதை நீங்கள் சொல்லாவிட்டால், பயமுறுத்தியே பிழைக்கும் ஆலோசகர் எவராவது போய் வேறு மாதிரி சொல்வார். போகலாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

'எப்படி' என்பதைத் தாராளமாகப் பேசுங்கள். 'யார்' என்ற கேள்வி வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர், வேலை, எந்த நாட்டுக்காரர், யார் வினோதமாக நடந்துகொள்கிறார், எதுவும் வேண்டாம். நேரில் போய்த் திணறாமல், இந்த எல்லையைப் பதில் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று: கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது. அங்கே மத்திய அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. நம் ஊர்ப் பழக்கத்தில், தெரிந்ததையும் "தெரியாதுங்க" என்று மழுப்பிவிடாதீர்கள். "அதைப் பற்றிப் பேச மாட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் களக்குறிப்புகளைப் பற்றித்தான். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு இருக்கும் பாதுகாப்பு உங்களிடம் சொன்னதற்கு இல்லை. 1993-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ரிக் ஸ்கேர்ஸ் என்ற சமூகவியல் ஆய்வு மாணவர், விலங்குரிமைப் போராளிகளைப் பற்றிக் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் பேச மறுத்து ஐந்து மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். பாஸ்டன் கல்லூரியில் வட அயர்லாந்து ஆயுதக் குழுக்களின் முன்னாள் உறுப்பினர்களிடம், "நீங்கள் இறந்த பிறகுதான் வெளியிடுவோம்" என்று வாக்குக் கொடுத்துப் பேட்டி பதிந்தார்கள். 2011-இல் அந்தப் பேட்டிகளைக் கேட்டு நீதிமன்ற ஆணை வந்தது. நீண்ட வழக்குக்குப் பிறகு, ஆள் உயிரோடு இருக்கும்போதே சில ஒலிப்பதிவுகள் போலீஸ் கைக்குப் போயின.

இதைப் படித்ததும் பழைய குறிப்புகளை அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள். அதிகாரி கேட்ட பிறகு அழித்தால் ஆதாரத்தை ஒழித்ததாக ஆகிவிடலாம். முதலில் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவைப் பாருங்கள். ஆய்வு நெறிக் குழுவுக்கும் இந்த அழைப்பைத் தெரிவியுங்கள். இனி எழுதும் குறிப்புகளில் புனைபெயர் மட்டும் போதும். ஒப்புதல் படிவத்தில் "யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று இருந்தால், "சட்டம் கட்டாயப்படுத்தினால் தவிர" என்று சேர்க்க வேண்டுமா என்று அந்தக் குழுவிடமே கேளுங்கள். மாணவர் விசாவில் இருந்தால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் ஒரு வார்த்தை.

பணம் கொடுத்தால் வாங்காதீர்கள், குறைந்தது பட்டம் முடியும்வரை. 2007-இல் அமெரிக்க ராணுவம் ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் மானுடவியலாளர்களைப் படையோடு அனுப்பியதை அமெரிக்க மானுடவியல் சங்கமே எதிர்த்தது. யாருக்காகக் கேட்கிறார் என்று தெரியாத ஆளிடம் எவரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

அதனால் போவதற்கு முன்பே கூடத்து ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்களில் ஒருவர் உடன் வர விரும்பினால் கூட்டிப் போங்கள். சந்திப்பு உங்கள் துறை அறையில், வழிகாட்டியும் இருக்கும் நேரத்தில் இருக்கட்டும். "உன் விருப்பம்" என்று அவர் நழுவியதை நான் அவ்வளவாக ரசிக்கவில்லை. பேசி முடித்த அன்றே, என்ன பேசினோம் என்று ஒரு பக்கம் எழுதி அதிகாரிக்கே அனுப்பி, அதன் நகலைக் கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.