வரைபடத்தை விற்கலாம், மூலக் கோப்பைக் கைவிடாதீர்கள்

கேள்வி: தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய உலக வரைபடத்தின் தரவோடு, நானே நடந்து பதிவு செய்த ஒற்றையடிப் பாதைகளையும் நீரூற்றுகளையும் சேர்த்து, எங்கள் வட்டாரத்துக்கு ஏ0 அளவில் ஒரு சுவர் வரைபடம் வரைந்திருக்கிறேன். உரிமம், அச்சு இரண்டையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி இடைத்தரகர் ஒருவர் மூலக் கோப்புகளைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தத் தரவு 2012 முதல் திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் எல்லாருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதிலிருந்து வரைந்த படத்தை விற்கவும் தடையில்லை. ஆகவே யாரும் உங்களுக்காக வாங்கித் தர வேண்டிய அனுமதி என்று எதுவும் இல்லை. இல்லாத அனுமதிக்குப் பணம் வாங்குவோரையும், ஒருமுறை கைக்கு வந்த மூலக் கோப்பில் பெயரை மட்டும் மாற்றி மறுபதிப்புப் போட்டு விற்போரையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அச்சகத்துக்குத் தேவையானது இறுதி பிடிஎஃப் மட்டுமே. எத்தனை படிகள் என்பதையும், உங்கள் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் மறு அச்சு கூடாது என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

உங்கள் பங்குக்கு, தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுடையது என்பதையும் உரிமத்தின் பெயரையும் படத்தின் ஓரத்தில் படிக்கத்தக்க எழுத்தில் அச்சிட வேண்டும். பெரும்பாலோருக்கு இதற்குமேல் கடமை இல்லை. உங்களுக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அச்சிட்ட தாள் வேறு, அதன் பின்னே இருக்கும் தரவு வேறு. வண்ணம், எழுத்தமைப்பு, தளவமைப்பு ஆகியவை உங்கள் படைப்பு; அவற்றை எவரும் நகலெடுக்கக்கூடாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பாதைகளில் விடுபட்ட இடங்களை உங்கள் பாதைகளால் நிரப்பியிருந்தால், அப்படிக் கலந்த பாதைத் தரவை, படத்தை வெளியிட்டபின் அதே உரிமத்தில் பிறருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். நீரூற்றுகள் அப்படியல்ல: அவர்களுடைய ஊற்றுகளில் ஒன்றைக்கூட எடுக்காமல், முழுவதும் நீங்கள் திரட்டியவற்றை மட்டும் தனி அடுக்காக வைத்திருந்தால், அந்த அடுக்கைப் பகிர வேண்டியதில்லை. இரண்டு ஊற்றை அங்கிருந்து எடுத்து மீதியை நீங்கள் சேர்த்திருந்தால், ஊற்றுகளுக்கும் பாதைகளின் நிலைதான். பாதைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே பதிவேற்றிவிடுவது எளிய வழி. அதனால் உங்கள் விற்பனை குறையாது.

வணிக வரைபடத் தளங்களிலிருந்தோ பழைய அச்சுப் படங்களிலிருந்தோ ஒரு கோட்டைக்கூடப் பிரதியெடுக்காதீர்கள். நகலெடுப்போரைப் பிடிக்கவே இல்லாத இடங்களைப் படத்தில் வைக்கும் வழக்கம் உண்டு. 1930களில் நியூயார்க் மாநிலச் சாலைப் படம் ஒன்றில் அப்படிப் புனைந்து வைத்த ஊர்தான் அக்லோ. உயரக் கோடுகளுக்கு, 2000 பிப்ரவரியில் விண்ணோடம் ஒன்று 11 நாள் ரேடார் மூலம் அளந்த எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. பொதுமக்கள் வரிப்பணத்தில் அளந்த நிலத்தின் தரவுக்கு அதே மக்களிடம் மீண்டும் விலை கேட்டு, எழுதிய கடிதங்களுக்கும் பதில் தராத அலுவலகங்கள் இன்னும் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பது அந்த மௌனத்தில்தான்.

அச்சைப் பொறுத்தவரை, சிறிய எழுத்துகளும் மெல்லிய கோடுகளும் ஒரே கறுப்பு மையில் அமையட்டும். நான்கு மைகள் கலந்தால், தாள் இம்மி நகர்ந்தாலும் விளிம்புகள் மங்கிவிடும். விகிதத்தை எண்ணில் தருவதோடு அளவுகோல் கோட்டையும் வரையுங்கள். படத்தைச் சுருக்கினால் எண் பொய்யாகும், கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்கும். ஊர்ப்பெயர்கள் நெருக்கமாக உள்ள ஒரு பகுதியை மட்டும் உண்மையான அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்டி, ஒரு மீட்டர் தள்ளி நின்று, வரைபடத்தை அதுவரை பார்த்திராத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் பெயர்களைத் திருத்திய பிறகு பிடிஎஃப்பை அச்சகத்துக்கு நீங்களே நேரில் கொண்டு போங்கள்.