கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டு ஷெட்டில் மரச் சாமான்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறேன். 50 லிட்டர் கம்ப்ரஸர். கன்னில் தண்ணீர் தெறிக்கிறது என்றதும், கடையில் ‘ஏர் டிரையர்’ என்று 1,800 ரூபாய்க்கு ஒரு கிண்ணம் வைத்த சாதனத்தைக் கொடுத்தார்கள். டேங்க் வாயிலேயே மாட்டினேன். பலன் இல்லை. போலிச் சரக்கா? (தூத்துக்குடி)

பதில்: சரக்கு அசல். பெயர்தான் போலி. உங்களிடம் இருப்பது தண்ணீர் பிரிப்பான். காற்றைச் சுழற்றி, துளியாக இருக்கும் தண்ணீரைக் கிண்ணத்தில் விழவைக்கும், அவ்வளவுதான். ஆவியாக இருக்கும் தண்ணீர் அதற்குக் கண்ணில் படாது. இதை ‘டிரையர்’ என்று விற்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இருபது வருடமாக வருகிற எரிச்சல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்க் காற்றையே கணக்குப் போடுவோம். 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் இழுக்கும் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் ஓடினால் 6 கனமீட்டர் காற்றோடு சுமார் 145 கிராம் தண்ணீரையும் விழுங்குகிறது. 8 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு; கேஜ் காட்டும் 8-உடன் வெளிக்காற்றின் 1 சேர்ந்தால் 9) அழுத்தினால் காற்றின் கன அளவு ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கும். அதே 30 டிகிரிக்கு அது ஆறிய பிறகு, அதில் 20 கிராம் தண்ணீர்தான் ஆவியாகத் தங்க முடியும். மீதி 125 கிராம், முக்கால் டம்ளர் தண்ணீர், எங்காவது இறங்கியே ஆக வேண்டும்.

எங்கே இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொடர்ந்து ஓடும் சின்ன கம்ப்ரஸரின் டேங்க் கைவைத்தால் சுடும். அந்தச் சூட்டில் ஏறக்குறைய பாதித் தண்ணீர் ஆவியாகவே உங்கள் கிண்ணத்தைத் தாண்டிப் போகும். சிமென்ட் தரையில் கிடக்கும் ஹோஸில் காற்று ஆறும், அங்கே தண்ணீராகும், நேராக உங்கள் அலமாரிக் கதவில் தெறிக்கும்.

ஆகவே முதலில் காற்றை ஆறவையுங்கள். ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் கடையில் பத்து மீட்டர் காப்பர் டியூப் வாங்கி, சுருளாகச் சுற்றி, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் இறக்குங்கள். டேங்கிலிருந்து வரும் காற்று மேல் முனையில் நுழைந்து, வாளியின் அடிப்பக்கம் வழியாகக் கீழ் முனையில் வெளியேறட்டும். இடையில் தண்ணீர் தேங்கப் பள்ளம் இருக்கக் கூடாது. உங்கள் 1,800 ரூபாய்க் கிண்ணத்தைச் சுருளுக்கு அப்புறம், அதைவிடத் தாழ்வாக மாட்டுங்கள். அதே கிண்ணம் இப்போது நிரம்புவதைப் பார்ப்பீர்கள். இன்னும் உலர்ந்த காற்று வேண்டுமென்றால் அதற்குப் பின்னால், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள்.

காற்றை ஆறவைக்காமல் நேரே ஜெல்லுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. கன்னின் பிடியில் மாட்டும் குட்டி ஜெல் பாட்டில் ஒன்றை ஆசையாக வாங்கினேன். நீல மணிகள், பார்க்க அழகு. ஒரு பீரோக் கதவு முடிவதற்குள் ஈரம் குடித்து அத்தனையும் ரோஜா நிறம். உள்ளே இருந்தது ஐம்பது கிராம் ஜெல். அது குடித்ததெல்லாம் பத்து கிராம் தண்ணீர் இருக்கும்.

கேள்வி: ரோஜா நிறமாகிவிட்ட சிலிக்கா ஜெல்லை வீட்டு ஓவனில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாமா? (காரைக்கால்)

பதில்: 120 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். ஆனால் அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நஞ்சு. கேக் சுடும் ஓவனில் வைக்காதீர்கள். பட்டறைக்கென்று பழைய ஓவன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷெட் முழுக்கக் காற்று லைன் இழுக்க பிவிசி பைப் போதுமா? தண்ணீர் மோட்டாருக்குப் போட்டது மீதி இருக்கிறது. (மதுரை)

பதில்: கூடாது. தண்ணீர் லைன் உடைந்தால் தரை நனையும். காற்று லைன் உடைந்தால் பைப் சில்லுசில்லாகச் சிதறி முகத்தில் அடிக்கும்.

கேள்வி: ஃபில்டர் கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. தின்னர் ஊற்றிக் கழுவினேன், மறுநாள் விரிசல். மட்டமான பொருளை விற்ற கடைக்காரரிடம் பணம் கேட்கலாமா? (ஈரோடு)

பதில்: எந்த முகத்தோடு கேட்பீர்கள்? அது பாலிகார்பனேட். தின்னர் பட்டால் வெடிக்கும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் எழுதியிருக்கும், பிரித்தீர்களா? சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டியது. அழுத்தத்தில் இருக்கும்போது உடையாமல் மறுநாள் விரிசலாக நின்றது உங்கள் அதிர்ஷ்டம். அடுத்த முறை இரும்புக் கூடு போட்டதையோ, உலோகக் கிண்ணத்தையோ வாங்குங்கள்.

கேள்வி: வாங்கி மூன்று வருடம். டேங்க் அடியில் ஒரு வால்வ் இருப்பதையே இப்போதுதான் பார்த்தேன். திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர். வெல்டிங் இடத்துக்குப் பக்கத்தில் ஊசித் துளை அளவுக்குக் கசிவு. பற்றவைத்தால் போதுமா? (சேலம்)

பதில்: மூன்று வருடம்! அந்த டீ உங்கள் டேங்க்கின் சுவர்தான், கரைந்து வந்திருக்கிறது. ஒரு இடத்தில் துளை விழுந்தால் சுற்றிலும் தகடு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். பற்றவைக்காதீர்கள். டேங்கைக் காயலான் கடைக்கு அனுப்புங்கள், மோட்டாரையும் பம்ப்பையும் வைத்துக்கொண்டு வேறு டேங்க் தேடுங்கள். புதிய டேங்கை தினமும் வேலை முடிந்ததும் வடித்துவிடுங்கள்.

கேள்வி: சின்ன பெயின்டிங் ஷெட் வைத்திருக்கிறேன், உதவிக்கு ஒரு பையன். கடன் வாங்கி, குளிரூட்டும் வகை டிரையர் வாங்கினேன். ஐந்தாம் நாளே குளிர்ச்சி நின்றுவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது, தொழிலுக்கு வாங்கினவன் நுகர்வோரும் இல்லை’ என்கிறார் கடைக்காரர். (விழுப்புரம்)

பதில்: இரண்டுமே மிரட்டல், பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். திரும்ப வாங்கிக்கொள்ள பில்லில் கெடு ஏதும் இல்லையென்றால் 30 நாள். அச்சடித்த ஒரு வரி சட்டத்தைத் தள்ளிவிடாது.

வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கியவருக்கு அதே சட்டம் விலக்கு தருகிறது. ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அந்த விலக்கு போய்விடாது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டிரையரை வேறு மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பிரித்தால் பழி உங்கள் மேல்தான் திரும்பும்.

கேள்வி: பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் குறைக்கிறேன் என்றார், வாங்கிவிட்டேன். இப்போது டிரையர் வேலை செய்யவில்லை. (கரூர்)

பதில்: அந்த 18 சதவீதத்தை வைத்து ரிப்பேர் பாருங்கள்.

கேள்வி: ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்த எஃப்.ஆர்.எல். செட் மலிவாகக் கிடைக்கிறது. ஸ்பிரே வேலைக்கு வாங்கலாமா? (கும்பகோணம்)

பதில்: நான் வாங்கினேன். மூன்றாவதாக இருக்கும் லூப்ரிகேட்டர் காற்றில் எண்ணெய் கலக்கும் சாதனம், நட்டு கழற்றும் ஏர் கன்னுக்கு உரியது. தெரியாமல் எண்ணெய் நிரப்பி, மைத்துனர் வீட்டு ஊஞ்சல் பலகைக்கு பெயின்ட் அடித்தேன். பலகை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம். எண்ணெய் ஓடின ஹோஸைக் கழுவியும் போகவில்லை, தூக்கிப் போட்டேன். முதல் இரண்டு மட்டும் உள்ள செட்டை வாங்குங்கள்.

கேள்வி: பைக் டயருக்குக் காற்றடிக்க, தூசி தட்ட மட்டும் சின்ன கம்ப்ரஸர். டிரையர் வேண்டுமா? (தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். சேலத்துக்காரருக்குச் சொன்ன அந்த வால்வைத் தேடிக் கண்டுபிடியுங்கள், போதும்.